ஒரே அளவில் பத்துக் கவுன்

கட்டிங் மாஸ்டருக்குக் கண்காட்சி என்றால் தையல் மெஷின் கண்காட்சி ஒன்றுதான் தெரியும். அதற்கும் முதலாளி கூட்டிப் போனதால் போனார். ஓசியில் கொடுத்த இரண்டு பாபினோடு திரும்பி வந்தார். எதையாவது சுவரில் மாட்டிவைத்தால் அதை நல்ல உடுப்பு போட்ட மனிதர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பார்கள் என்பது அவருக்கு அறுபது வயதில் தெரியவந்த சங்கதி. தெரியவைத்தவள் அவர் பெற்ற மகள்.

மகள் ஓவியர் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். படம் வரைவாள் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். அதுவும் இல்லையாம். பழைய கதவைத் தொங்கவிடுவாள், உடைந்த கட்டிலை நிமிர்த்தி வைப்பாள், அதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில், மாஸ்டர் இருபத்தேழு வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருக்கும் இந்த வெளிநாட்டு ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“சனிக்கிழமை மூணு மணிக்கு வந்துடுங்கப்பா. முன்னாடியே போன்ல தேடிப் பாக்காதீங்க. உங்களுக்காகத்தான் இதை இங்க கொண்டு வர்றேன்” என்று மகள் சொன்னாள்.

‘உங்களுக்காகத்தான்’ என்றதில் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் அவர் தொல்லை தாங்க முடியவில்லை. இஸ்திரி போடுபவரிலிருந்து வண்டி ஓட்டுபவர் வரை நிறுத்தி வைத்துச் சொன்னார். தனக்கென்று ஒரு சட்டை வெட்டித் தைத்துக்கொண்டார். இந்த ஊர் பாஷையில் அவருக்கு நிறமும் அளவும் நாலு வசவும்தான் தெரியும் என்பதால், பேச்சுத் துணைக்குக் காஜாக்காரரைக் கூட்டிக்கொண்டார். பட்டன் துளைக்குக் காஜா போடும் மெஷினில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். மெஷினாவது மின்சாரம் போனால் நிற்கும்; அவர் வாய்க்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

“மாஸ்டர், அங்க காப்பியெல்லாம் குடுப்பாங்களா?”

“யோவ், எம்பொண்ணு பேரைக் கெடுத்துடாதய்யா.”

இடம் முன்பு சரக்குக் கிடங்காக இருந்ததாம். இப்போது வெள்ளையடித்து, தரையை மொழுக்கென்று தேய்த்து, ஒரு தூசியில்லாமல் வைத்திருந்தார்கள். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு வில்லை கொடுத்தார்கள். மகள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்து மூன்று வயது. குட்டையாக வெட்டிய முடி. அவள் அம்மாவின் நெற்றி. பக்கத்தில் நின்ற அமைப்பாளர் அம்மாளிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பற்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையைப் போய் எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று மாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தது.

“நீங்க உள்ள போய்ப் பாருங்கப்பா. நாலு மணிக்கு நான் பேசணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்துடுறேன்” என்றாள் மகள்.

உள்ளே நுழைந்ததும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கவுன்கள். உத்தரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் மேலே தனியாக ஒரு விளக்கு. முதலாவது நர்சுகள் போடும் நீலம். அடுத்தது ஓட்டல்காரர்களின் மெரூன். பிறகு ஆபரேஷன் அறைப் பச்சை. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பத்து.

“மாஸ்டர்,” என்றார் காஜாக்காரர், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “இது அந்த ஞாயித்துக்கிழமை நாம...”

மாஸ்டர் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட வேண்டும். மாஸ்டர் இந்த ஊருக்கு வந்தபோது பாப்பாவுக்கு ஆறு வயது. இரண்டே வருஷம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார். வந்த ஆறாம் மாதமே கூட்டி வந்த ஏஜெண்ட் கம்பி நீட்டிவிட்டான். கையிலிருந்த காகிதங்கள் ஒன்றுக்கும் உதவாதவை என்று தெரிந்தது. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. இங்கே இருந்தால் வெளியே தலைகாட்ட முடியாது. அந்தச் சிக்கல் தீர்வதற்குப் பதினோரு வருஷம் பிடித்தது.

பாப்பாவின் ஏழாவது பிறந்தநாள் வந்தது. சீருடை தைக்கும் பட்டறை என்பதால் துண்டு துணிக்குப் பஞ்சமில்லை. வேண்டியதை எடுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை மேசை உனக்குத்தான் என்று முதலாளி பெரிய மனது பண்ணினார். மாஸ்டர் யோசித்தார். நாளைக்கே யாராவது பிடித்துக்கொண்டு போனால் இப்படி ஒரு மேசையும் மெஷினும் எங்கே கிடைக்கும்? ஒன்றென்ன, பத்து வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கே வெட்டி வைத்துவிடுவோம். இதுவரைக்கும் அப்பன் மனசுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிமேல்தான் இருக்கிறது.

பெண்பிள்ளை வளர்வாள். வருஷத்துக்கு நீளத்தில் ஒன்றரை அங்குலம், தோளில் கால் அங்குலம் என்று கூட்டிப் பத்து அளவு அட்டை வரைவது மாஸ்டருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதற்கு அரை நாள் உட்கார வேண்டும். மாடியில் சீட்டுக்கட்டு காத்திருந்தது. ஒரு கை குறைகிறது என்று காஜாக்காரர் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் பத்துத் துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேலே ஆறு வயதுக்கான ஒரே அட்டையை வைத்துக் கோடு போட்டார். மெஷின் கத்தியை ஓட்டினார். நூறு நர்சுக்குச் சட்டை வெட்டுகிற மாதிரி, ஒரே ஓட்டு. வீட்டில் யாராவது பிரித்துப் பெரிதாக்கிக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெட்டிய துணியை எந்தக் கொம்பனாலும் பெரிதாக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததா?

மூன்றாம் தடவை காஜாக்காரர் கத்தியபோது கை அசைந்துவிட்டது. இடது அக்குளில் கத்தி அரை விரல் உள்ளே போயிற்று. அடுக்கில் வைத்து வெட்டினால் ஒன்றில் விழுந்த பிழை பத்திலும் விழும். தையல் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பத்தையும் அந்த வாரமே தைத்து, அந்த வெட்டின்மேல் சின்னதாக ஒரு தையலும் போட்டுக் கொடுத்தாள். பத்தும் மாஸ்டரின் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் போயின. வருஷத்துக்கு ஒன்றாக எடுத்துத் தபாலில் போட்டார்.

“கொஞ்சம் பெருசா அனுப்புங்க, பாப்பா வளந்துட்டா” என்று மூன்றாம் வருஷம் மனைவி போனில் சொன்னாள். “சரி, சரி” என்றார். நாலாம் வருஷமும் சொன்னாள். அதற்கும் “சரி” என்றார். அதன்பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

“சுவத்துல என்னய்யா எழுதியிருக்கு, படி” என்றார் மாஸ்டர் இப்போது.

காஜாக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார். “‘என் அப்பா வருஷத்துக்கு ஒண்ணா, பத்து வருஷம், இந்தக் கவுனையெல்லாம் தன் கையாலயே வெட்டித் தைச்சு அனுப்பினாரு. நான் வளந்துக்கிட்டே இருந்தேன். கவுன் வளரல. முதல் ரெண்டைத்தான் போட முடிஞ்சுது. அப்பா கண்ணுக்கு நீ இன்னும் விட்டுட்டுப் போன அதே குழந்தைதான், அதான் அளவு மாறலன்னு எங்கம்மா சொல்லுவாங்க. ஒரு மனுஷனால பத்து வருஷம் ஒரு அளவை மறக்காம இருக்க முடியுமான்னு நான் ஆச்சரியப்படுறேன்.’”

மாஸ்டர் அங்கிருந்து நகரப் பார்த்தார்.

“இன்னும் இருக்கு மாஸ்டர். ‘எல்லாக் கவுன்லயும் இடது கை இடுக்குல, அதே இடத்துல, ஒரு சின்னத் தையல். அது எங்கப்பாவோட கையெழுத்து.’” காஜாக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. “அது நான் படியில நின்னு கத்துனதுல...”

“வாயை மூடுய்யா.”

பச்சைக் கவுனுக்குக் கீழே ஒரு பெரியவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தச் சின்னத் தையலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இளம்பெண் மூக்கை உறிஞ்சினாள். பட்டறையில் இப்படி ஒரு பிழை விழுந்தால் மாஸ்டர் அடுக்கையே தூக்கிக் கழிவில் போட்டிருப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு கதையைச் சொல்லித்தான் அவள் பிள்ளையைத் தேற்றியிருக்கிறாள் என்பதே இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிகிறது. வீட்டுக்காரன் சோம்பேறித்தனத்தைப் பாசமாக மாற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவரிடம் ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. சரி, அவள் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று முடிவுகட்டினார். தான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது? பிள்ளை ஊர் ஊராகப் பேர் வாங்குகிறாள். காஜாக்காரர் வாயை மட்டும் கட்டிப் போட்டால் போதும்.

அப்படியே வெளியே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வரிசையின் கடைசியில், பத்தாவது கவுனுக்கு அந்தப் பக்கம், ஒரு ஹேங்கர் மட்டும் வெறுமனே தொங்கியது. அதற்கும் ஒரு விளக்குப் போட்டிருந்தார்கள். கீழே ஒரே ஒரு சொல்.

“இதுக்கு என்ன போட்டிருக்கு?”

“மன்னிப்புன்னு போட்டிருக்கு மாஸ்டர்.”

“யாரு யாருகிட்ட கேக்குறது?”

“அதைப் போடல.”

மகள் பின்னால் வந்து நின்றிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. “பாத்துட்டீங்களாப்பா?” என்றாள். முகத்தில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் கலக்கம். “உங்களைக் கேக்காம வச்சுட்டேன். கோவமா?”

“எனக்கென்னம்மா கோவம். நல்லா இருக்கு.” மாஸ்டர் மென்று விழுங்கினார். “இது மட்டும் ஏன் காலியா இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாதாப்பா?”

தெரியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

“பத்தாவது கவுன் வந்தப்ப எனக்குப் பதினாறு வயசு. அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. நீங்க போன்ல இருந்தீங்க, அம்மா பேசக் கூப்பிட்டாங்க. நான் வரமாட்டேன்னுட்டேன். ‘அந்த ஆளுக்கு என்னைத் தெரியவே தெரியாது, இந்தத் துணியை இனிமே யாரு கேட்டா’ன்னு கத்தினேன். உங்க காதுல விழணும்னேதான் கத்தினேன்ப்பா. அடுத்த வருஷம் கவுன் வரல.”

மாஸ்டர் நினைவைத் துழாவிப் பார்த்தார். அப்படி ஒரு போன் அவருக்கு ஞாபகமே இல்லை. கத்தல் காதில் விழுந்ததா, மனைவி போனைப் பொத்திக்கொண்டு வேறு பேசினாளா, ஒன்றும் இல்லை.

“பதினாறு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அது நின்னிருக்காது. நீங்க ஊருக்கு வந்தப்பகூட உங்க முகத்தைப் பாக்க முடியல. நேர்ல கேக்க வாய் வரல, அதான் இப்படி மாட்டி வச்சேன்.” மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சிடுங்கப்பா.”

ஊருக்குப் போனபோது அவள் விருந்தாளியைப் பார்ப்பது போலச் சிரித்ததும், கல்லூரி விடுதிக்கு அவசரமாகத் திரும்பிப் போனதும் மாஸ்டருக்கு நினைவு வந்தன. வளர்ந்த பிள்ளை, அப்பனோடு ஒட்டவில்லை என்று அப்போது அவர் வருத்தப்பட்டிருந்தார். வருத்தப்பட்டாராம்! செய்யாத குற்றத்தைப் பதினேழு வயதில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். சும்மா இருந்தால் இந்தப் பத்துக் கவுனும் இப்படியே பாசமாகத் தொங்கும். அவளும் காலமெல்லாம் இந்தக் காலி ஹேங்கருக்குக் கீழே நிற்பாள். சொன்னால் அவள் பாரம் இறங்கும். பத்தும் கூடவே இறங்கிவிடும். ஆனாலும் மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவருக்குக் கை நீளவில்லை.

“நீ கத்துனது எனக்குக் கேக்கலம்மா” என்றார்.

“எனக்காகச் சொல்லாதீங்கப்பா.”

“சத்தியமாக் கேக்கல. கேட்டிருந்தாலும் அடுத்த வருஷம் கவுன் வந்திருக்காது. தீந்துபோச்சும்மா.”

“தீந்துபோச்சுன்னா?”

சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, துண்டு துணி, அடுக்கு, ஒரே அட்டை, ஒரே ஓட்டு. தைத்தது தான் இல்லை என்பது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி. மாடியில் காத்திருந்த சீட்டுக்கட்டையும் சேர்த்தே சொன்னார். எதையும் அழகுபடுத்தவில்லை; அழகுபடுத்தத் தெரியவும் இல்லை. காஜாக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவரிடம் பேச்சு இல்லை.

மகள் போய் நீலக் கவுனின் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பச்சைக் கவுன். பிறகு ஏழாவது. தொடக்கூடாது என்று காவலாளி ஓர் அடி முன்னே வந்தவன், அவளைப் பார்த்து நின்றுவிட்டான். எத்தனையோ தடவை அவள் தடவிப் பார்த்த தையல்தான் அது. இந்தத் தடவை அவள் விரல் அந்த வெட்டின் நீளத்தை மட்டும் அளந்தது.

திரும்பி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அன்னைக்குச் சீட்டுல ஜெயிச்சீங்களா?”

“ஞாபகம் இல்லம்மா.”

அமைப்பாளர் அம்மாள் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினாள். மணி நாலு. மகள் அந்த அம்மாளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கவுன்களுக்கு எதிரே நாற்காலி போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரும் காஜாக்காரரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மகள் மைக்கைப் பிடித்து நிதானமாகப் பேசினாள். கைகளை அசைத்தாள். ஓர் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், ஓர் இடத்தில் எல்லோரும் அடங்கிப் போனார்கள்.

“என்னய்யா சொல்றா?”

“சுவத்துல இருக்கிறதைத்தான் மாஸ்டர் சொல்லுது.”

“அந்தக் கடைசி?”

“அதுக்கிட்ட இன்னும் போகல.”

போகவே இல்லை. பத்தாவது கவுனோடு பேச்சை முடித்துக்கொண்டாள். கேள்வி நேரம் வந்தது. பச்சைக் கவுனுக்குக் கீழே முழங்கால் போட்டிருந்த பெரியவர் எழுந்து, பின்வரிசையைக் கைகாட்டி ஏதோ கேட்டார். நாற்பது தலைகளும் திரும்பின.

மகள் மைக்கிலேயே தமிழில் கேட்டாள். குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. “அப்பா, இந்தப் பத்துல எதை வெட்டும்போது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க, நான் அவங்க பாஷைல சொல்றேன்.”

மாஸ்டர் எழுந்தார். சொல்ல வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் பிள்ளை மேலிருந்த பழி ஒரேயடியாகப் போய்விடும். தன் முகத்தில் காறித் துப்பினால் துப்பட்டும். பட்டறையில் கூப்பிடுகிற குரலில், பிசிறில்லாமல் சொன்னார்.

“எதுவுமே கஷ்டமா இல்லம்மா. பத்தையும் ஒரே நாள்ல வெட்டினேன். சீட்டாடப் போகணும்னு அவசரத்துல வெட்டினேன். எம்பொண்ணு எவ்வளவு வளந்திருப்பான்னு நான் ஒரு தடவைகூட நினைச்சுப் பாக்கல. மன்னிப்புன்னு போட்டிருக்கிறது நான் கேக்க வேண்டியது. இதை அப்படியே சொல்லு.”

மகள் அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் நாலு வாக்கியம் சொன்னாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று, பின்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி மாஸ்டரின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

“எதுக்குய்யா தட்டுறாங்க?” மாஸ்டர் காஜாக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். “நான் சொன்னதைச் சொன்னாளா?”

காஜாக்காரர் தயங்கினார். “இல்ல மாஸ்டர்.”

“பின்ன என்ன சொன்னா?”

“‘ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தை விடக் கஷ்டமா இருந்துச்சு. அவ இன்னேரம் எவ்வளவு வளந்திருப்பாளோன்னு நினைச்சா அழுகை வந்துடும், அதனாலதான் பழைய அளவுலயே வெட்டிட்டேன்’னு நீங்க சொன்னீங்களாம்.”

மாஸ்டர் கூட்டத்தைத் தாண்டி மகளைப் பார்த்தார். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள், அவர் பக்கம் பார்க்காமல்.